அதிபர் வீட்டின் மேல் ஒரு கழிப்பறை: பிலடெல்பியா, மார்க்கெட் தெரு

அமெரிக்க அதிபர் என்றதும் வெள்ளை மாளிகைதான் கண்முன் வரும். ஆனால் ஜார்ஜ் வாஷிங்டன் அங்கே ஒரு நாள்கூடக் குடியிருந்ததில்லை. அதிபராக இருந்த எட்டு ஆண்டுகளில் பெரும்பகுதியை, 1790 நவம்பர் முதல் 1797 மார்ச் வரை, பிலடெல்பியாவில் ஒரு வாடகை வீட்டில் கழித்தார். அடுத்து வந்த ஜான் ஆடம்ஸும் 1800 வரை அதே வீட்டில்தான் இருந்தார். புதுத் தலைநகர் வாஷிங்டனில் கட்டி முடிக்கப்படாத வெள்ளை மாளிகைக்கு அவர் குடிபோனது அந்த ஆண்டு நவம்பரில்.

அந்த பிலடெல்பியா வீடு இன்று இல்லை. கடைசியாக மிஞ்சியிருந்த சுவர்களும் 1951இல் போயின. இடித்தவர்கள் மனை வியாபாரிகள் என்றால் வழக்கமான கதை என்று விட்டுவிடலாம். நாடு பிறந்த இடத்தைப் போற்றிப் பாதுகாக்கப் போகிறோம் என்று கிளம்பியவர்கள்தான் இடித்தார்கள். அப்புறம் அந்த மனையில் ஒரு பொதுக் கழிப்பறை எழுந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சுற்றுலாப் பயணிகள் நாட்டின் முதல் அதிபர் குடியிருந்த மனையில் நின்றுகொண்டு கை கழுவிப் போனார்கள்.

பாரம்பரியக் கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது அலட்சியம், பணமில்லாமை, மழை, கரையான் என்று காரணங்களை அடுக்குவோம். இந்த நிகழ்வு வேறு மாதிரி. ஒரு கட்டடத்தை அழகாகக் காட்ட வேண்டும் என்ற ஆசையே இன்னொரு கட்டடத்தைத் தின்றது. திரும்பத் தோண்டி எடுத்தபோது, வீட்டோடு சேர்ந்து யாருமே கேட்காத ஒரு கதையும் வெளியே வந்தது. அதனால்தான் சண்டை இன்னும் ஓயவில்லை.

வீடும் அதன் கைமாற்றங்களும்

சுமார் 1767இல் மேரி மாஸ்டர்ஸ் என்ற பணக்கார விதவை ஹை தெருவில், அதாவது இன்றைய மார்க்கெட் தெருவில், ஆறாவது தெரு முனைக்குப் பக்கத்தில் கட்டிய செங்கல் வீடு அது. மூன்று மாடி, மேலே பரண். மகளுக்கும் மருமகன் ரிச்சர்ட் பென்னுக்கும் போனது. இந்த மருமகன் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னின் பேரன்.

சுதந்திரப் போர் வந்ததும் வீட்டுக்கு ஓய்வே இல்லை. 1777இல் பிரிட்டிஷ் படை நகரைப் பிடித்தபோது தளபதி வில்லியம் ஹவ் இங்கே தங்கினார். அவர்கள் போனதும் 1778இல் அமெரிக்கத் தரப்பின் ராணுவ ஆளுநராக வந்து இதே வீட்டில் குடியேறியவர் பெனடிக்ட் ஆர்னால்ட். பிறகு எதிரியோடு சேர்ந்துகொண்டு, துரோகி என்ற சொல்லுக்கே அங்கே மறுபெயராகிப்போன அதே ஆர்னால்ட். 1780 ஜனவரியில் வீடு தீப்பிடித்தது. எரிந்த வீட்டை வாங்கித் திருப்பிக் கட்டியவர் ராபர்ட் மோரிஸ். போருக்குப் பணம் புரட்டிக் கொடுத்த பெரிய வணிகர். 1787இல் அரசியலமைப்பு மாநாட்டுக்கு வந்த வாஷிங்டன் தங்கியது மோரிஸின் விருந்தாளியாக இங்கேதான்.

மோரிஸ் கொல்லையில் ஒரு பனிக்கட்டிக் கிடங்கு வைத்திருந்தார். வாஷிங்டனுக்கு அதன் மேல் ஒரு கண். 1784இலேயே, உங்கள் கிடங்கில் பனிக்கட்டி எப்படி நிலைக்கிறது, என்னுடையது உருகிவிட்டதே என்று மோரிஸுக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். இந்தக் கிடங்கு கதையில் திரும்ப வரும்.

1790இல் தலைநகரைப் பத்து ஆண்டுகளுக்கு பிலடெல்பியாவில் வைப்பது என்று முடிவானது. மோரிஸ் வீட்டைக் காலிசெய்து கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார். நகரில் தனி வீடுகளில் இதுவே சிறந்தது, ஆனாலும் என் குடும்பத்துக்குப் போதாது என்பது வாஷிங்டனின் எண்ணம். செயலாளர் டோபயஸ் லியருக்கு அவர் எழுதிய கடிதங்கள் ஒரு வீட்டுக்காரரின் கடிதங்கள்தான்: எந்த அறை யாருக்கு, எந்தச் சுவரை எடுப்பது, வேலைக்காரர்களை எங்கே படுக்கவைப்பது. குடும்பம், செயலாளர்கள், வேலையாட்கள் எல்லாம் சேர்த்து முப்பது பேர் அளவில் அந்தக் கூரையின் கீழ் இருந்தார்கள்.

அவர் செய்த மாற்றங்களில் இரண்டு முக்கியம். ஒன்று, வீட்டின் தென்புறத்தில், அதாவது பின்பக்கத்தில், சுவரை அரைவட்டமாக வெளியே தள்ளிக் கட்டியது. வாரந்தோறும் நடந்த வரவேற்பில் அதிபர் அந்த வளைவில் நின்று விருந்தினரைத் தலைவணங்கி வரவேற்பார். வெள்ளை மாளிகையில் உள்ள நீள்வட்ட அறைகளுக்கு இந்த வளைவுதான் முன்மாதிரி என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். இன்னொன்று, யாரும் பெருமையாகப் பேசாத மாற்றம்: இறைச்சியைப் புகைபோட்டு வைக்கும் சிறு கட்டடத்தை லாயம்வரை நீட்டி, லாயத்து ஆட்களுக்கு இரண்டு அறைகள் எடுத்தார்கள். அங்கே படுத்தவர்களில் அடிமைகளும் இருந்தார்கள்.

ஒன்பது பேர்

ஓனி ஜட்ஜ், ஹெர்குலிஸ், மால், ஆஸ்டின், கிறிஸ்டோபர் ஷீல்ஸ், ரிச்மண்ட், கைல்ஸ், பாரிஸ், ஜோ. இந்த ஒன்பது பேரும் வெவ்வேறு காலங்களில் வர்ஜீனியாவில் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையிலிருந்து இந்த வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள்.

இங்கேதான் சட்டச் சிக்கல். பென்சில்வேனியா 1780இலேயே அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் போட்டிருந்தது. வெளி மாநிலத்தவர் ஒருவர் தம் அடிமையை இங்கே ஆறு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அந்த அடிமை விடுதலை கோரலாம். காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு விலக்கு உண்டு. அதிபருக்கு இல்லை. 1780இல் அதிபர் என்ற பதவியே கிடையாது, யாருக்கு விலக்கு எழுதுவது? 1791 வசந்தத்தில் அரசின் தலைமை வழக்குரைஞர் எட்மண்ட் ராண்டால்ஃப் வந்து எச்சரித்தார். என்னுடைய சொந்த அடிமைகளே இந்தச் சட்டத்தைக் காட்டி விடுதலை கேட்டுவிட்டார்கள், உங்கள் வீட்டிலும் நடக்கலாம் என்று.

வாஷிங்டன் கண்டுபிடித்த வழி எளிது. ஆறு மாதம் முடிவதற்குள் ஆட்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்பக் கொண்டுவருவது. கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இப்படிச் சுற்றிவிடுவதைத் தடுத்து 1788இல் திருத்தம் வந்திருந்தது, ஆக இது சட்டமீறல். அவர்களும் சரி, ஊரும் சரி, ஏமாறும்படி ஏதாவது சாக்கு சொல்லி இதைச் செய்ய வேண்டும் என்று 1791 ஏப்ரலில் லியருக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. வரலாற்றாசிரியர்கள் ஊகித்துச் சொல்வது அல்ல இது, அவர் கைப்பட எழுதியது. அடுத்த மாதம் மார்த்தா வாஷிங்டன் ஓனியைக் கூட்டிக்கொண்டு நியூ ஜெர்சியின் ட்ரென்டனுக்கு ஒரு சிறு பயணம் போய்வந்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சீமாட்டியின் உல்லாசப் பயணம்.

1793 பிப்ரவரியில் தப்பியோடிய அடிமைகளைப் பிடிப்பதற்கான மத்தியச் சட்டத்தில் வாஷிங்டன் கையெழுத்திட்டதும் இந்த வீட்டில் குடியிருந்தபோதுதான்.

ஓனி மார்த்தாவின் தனிப் பணிப்பெண். தையலில் கெட்டிக்காரி. 1796இல் அவருக்கு இருபது வயது கடந்திருந்தது. தன்னை மார்த்தாவின் பேத்திக்குத் திருமணச் சீதனமாகக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரியவந்தது. அந்தப் பேத்தியின் குணம் ஓனிக்கு நன்றாகத் தெரியும், அவளிடம் போவதில்லை என்று முடிவெடுத்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு பேட்டியில் அவரே சொன்னது: அவர்கள் வர்ஜீனியா போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள், நானும் கட்டிக்கொண்டிருந்தேன், எங்கே என்றுதான் தெரியாது. நகரில் அவருக்குக் கறுப்பின நண்பர்கள் இருந்தார்கள். துணிமணிகள் முன்கூட்டியே அங்கே போய்ச் சேர்ந்தன. மே 21 அன்று வீட்டார் சாப்பாட்டு மேசையில் இருந்தபோது ஓனி வெளியே நடந்துபோய்விட்டார். மூன்று நாளில் செய்தித்தாளில் விளம்பரம் வந்தது, பிடித்துத் தருவோருக்கு 10 டாலர் வெகுமதி என்று. நான்சி என்ற கப்பல் அவரை நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத்துக்குக் கொண்டுபோனது.

வாஷிங்டன் விடவில்லை. அந்தத் துறைமுகத்தின் சுங்க அதிகாரியை ஏவினார். 1799இல் மார்த்தாவின் உறவினர் ஒருவரே நேரில் போனார். ஊர்க்காரர்கள் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டதால் ஓனி தப்பினார். அதற்குள் ஜாக் ஸ்டெய்ன்ஸ் என்ற மாலுமியை மணந்து குழந்தையும் பெற்றிருந்தார். 1848இல் இறக்கும்வரை சட்டப்படி அவர் தப்பியோடிய அடிமைதான். வாஷிங்டன் தம் உயிலில் தம் அடிமைகளுக்கு விடுதலை எழுதிவைத்தாலும், ஓனி மார்த்தாவின் முதல் கணவர் வழிச் சொத்து. அந்த உயில் அவரைத் தொடாது. வறுமையிலும் பிள்ளைகளை இழந்த துயரத்திலும் இருந்த அந்தக் கிழவியிடம், ஓடிவந்ததற்கு வருந்துகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, நான் சுதந்திரமாக இருக்கிறேன் என்பதே பதிலின் சாரம்.

ஹெர்குலிஸ் தலைமைச் சமையல்காரர். சமையலில் மிஞ்சுவதை விற்கும் உரிமை அவருக்கு இருந்தது. அந்தக் காசில் நல்ல சட்டையும் தங்கப் பூண் போட்ட கைத்தடியுமாக மாலையில் மார்க்கெட் தெருவில் நடந்துபோவார் என்று வாஷிங்டன் வளர்த்த பேரன் எழுதிவைத்திருக்கிறார். பிறகு அவரை மவுண்ட் வெர்னனிலேயே நிறுத்திவிட்டு மண்வெட்டி வேலையில் போட்டார்கள். 1797 பிப்ரவரி 22, எஜமானரின் 65ஆவது பிறந்தநாள் அன்று, ஹெர்குலிஸ் காணாமல்போனார். சில வாரங்கள் கழித்து அங்கே வந்த பிரெஞ்சு இளவரசர் லூயி பிலிப்பின் நாட்குறிப்பில் ஒரு வரி உண்டு. அப்பாவை இனிப் பார்க்க முடியாது என்று உனக்கு வருத்தமாக இருக்குமே என்று கேட்டபோது, ஹெர்குலிஸின் சின்ன மகள், இல்லை, எனக்கு ரொம்பச் சந்தோஷம், அவர் இப்போது சுதந்திரமாக இருக்கிறார் என்றாளாம்.

எப்படிக் காணாமல்போனது

தலைநகர் போனதும் வீடு ஹோட்டலாயிற்று, பிறகு கடைகளும் வாடகை அறைகளும். 1832இல் அப்போதைய உரிமையாளர் உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு, இரண்டு பக்கச் சுவர்களுக்கு நடுவே மூன்று குறுகலான கடைக் கட்டடங்களை எழுப்பினார். வியாபார புத்திதான், சுவரும் கடைக்காலும் இருக்கும்போது புதிதாக எதற்குக் கட்டுவது? இந்தக் கஞ்சத்தனத்தால் ஒரு நன்மை நடந்தது. பக்கத்துக் கட்டடங்களோடு ஒட்டிய பொதுச்சுவர்களாக அதிபர் வீட்டின் சுவர்கள் இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்றன. மாடி உயரத்துக்கு நின்றன என்றாலும் யார் கண்ணிலும் படவில்லை.

ஆனால் ஊர் மறந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் வீடு சரியாக எங்கே இருந்தது, எவ்வளவு பெரியது என்பதிலேயே குழப்பம். அளவில் சின்னதான, தவறான மாதிரிகளை எல்லாம் செய்து காட்டினார்கள்.

1942இல் நீதிபதி எட்வின் லூயிஸ் தலைமையில் சுதந்திர மண்டபச் சங்கம் உருவானது. சுதந்திரப் பிரகடனமும் அரசியலமைப்பும் பிறந்த சுதந்திர மண்டபம், புகைபிடித்த பழைய வணிகக் கட்டடங்களுக்கு நடுவே மூச்சுத் திணறி நிற்கிறதே என்பது அவர்கள் கவலை. தீர்வு: மண்டபத்துக்கு வடக்கே ஐந்தாவது, ஆறாவது தெருக்களுக்கு இடையே மூன்று முழுத் தெருத்தொகுதிகளை இடித்துப் புல்வெளி போடுவது. தூரத்தில் இருந்து பார்த்தாலே மண்டபம் கம்பீரமாகத் தெரியும். மாநில அரசு அந்த வேலையை ஏற்றது. அதை ஒட்டி 1948இல் தேசிய வரலாற்றுப் பூங்காவுக்கும் காங்கிரஸ் ஒப்புதல் தந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடங்களை அந்தக் காலத்தில் யாரும் பாரம்பரியம் என்று எண்ணவில்லை. பூங்காவுக்குள் இருந்த எட்டு மாடி ஜெய்ன் கட்டடம், 1850 வாக்கில் கட்டிய, அதன் காலத்துக்கு வியப்பான உயரம், 1950களின் இறுதியில் போயிற்று. கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் பீட்டர்சன் தடுக்கப் பார்த்தார், முடியவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டைக் காப்பாற்றப் பத்தொன்பதை இடிப்பது சரி என்பது அன்றைய பொதுப்புத்தி. அந்தப் பத்தொன்பதுக்குள்ளேயே பதினெட்டு ஒளிந்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. 1951இல் மார்க்கெட் தெருக் கடைகளோடு வாஷிங்டன் வீட்டுச் சுவர்களும் சேர்ந்து விழுந்தன.

ஒரு வேடிக்கை. 1793இல் நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது வாஷிங்டன் புறநகரான ஜெர்மன்டவுனில் ஒரு வீட்டில் சில வாரங்கள் இருந்தார். அடுத்த கோடையிலும் போனார். அந்த வீடு அப்படியே நிற்கிறது, அதே பூங்கா நிர்வாகம்தான் பார்த்துக்கொள்கிறது. சில வாரம் தங்கிய வீடு பத்திரமாக இருக்கிறது, ஆறு ஆண்டுக்கு மேல் ஆட்சி நடத்திய வீட்டில் கழிப்பறை.

ஒரு கட்டுரை, ஒரு மணி

2002 ஜனவரியில் பென்சில்வேனியாவின் வரலாற்று ஆய்விதழில் எட்வர்ட் லாலர் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். 1785ஆம் ஆண்டு மனை வரைபடம், தீக்காப்பீட்டுக் குறிப்புகள், வாஷிங்டனுக்கும் லியருக்கும் இடையே போன கடிதங்கள் ஆகியவற்றைப் பொருத்திப் பார்த்து, வீடு எங்கே, எந்த அறை எந்த மூலையில், யார் எங்கே படுத்தார்கள் என்பதை அடி அளவில் நிறுவினார். அதை எடுத்துப் பரப்பியது எந்த அமைப்பு தெரியுமா? அறுபது ஆண்டுக்கு முன் புல்வெளி கேட்டுப் போராடிய அதே சுதந்திர மண்டபச் சங்கம்.

அப்போது அதே இடத்தில் விடுதலை மணிக்கு ஒரு புதுக் கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. விரிசல் விட்ட, 900 கிலோவைத் தாண்டிய அந்த மணியைப் பார்க்க ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் கூட்டம் வரும். அடிமை ஒழிப்புப் போராளிகள் 1830களில் தங்கள் சின்னமாக எடுத்துக்கொண்ட பிறகுதான் அதற்கு அந்தப் பெயரே நிலைத்தது. லாலரின் வரைபடத்தைப் புதுக் கட்டடத்தின் வரைபடத்தோடு வைத்துப் பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மணியைப் பார்க்க உள்ளே நுழையும் கூட்டம், வாஷிங்டனின் லாயத்து ஆட்கள் படுத்திருந்த அறைகளை ஒட்டி, சில அடி தள்ளி நடந்துபோகும்.

பூங்கா நிர்வாகத்தின் முதல் பதில் தயக்கம். தரையில் வீட்டின் எல்லைக்கோடுகளை வரைந்து காட்டினால் புதுக் கட்டடத்தின் வடிவமைப்போடு ஒட்டாது என்றார்கள். கட்டுமானத்துக்கு முன் தோண்டியபோது மோரிஸின் பனிக்கட்டிக் கிடங்குக் குழி கிடைத்திருந்தது. அதையும் பதிவுசெய்துவிட்டு மூடினார்கள். என் கணிப்பில் இது கெட்ட எண்ணத்தால் வந்தது இல்லை. திட்டம் முடிவாகி, ஒப்பந்தம் போட்டு, பணம் ஒதுக்கியபின் எந்த அலுவலகமும் இப்படித்தான் பேசும். ஆனால் விளைவு ஒன்றுதான்.

கேரி நாஷ் முதலான வரலாற்றாசிரியர்கள் செய்தித்தாள்களிலும் வானொலியிலும் பேசினார்கள். வழக்கறிஞர் மைக்கேல் கோர்ட் தலைமையில் கறுப்பின மக்கள் அமைப்பு ஒன்று உருவாகி, ஆயிரக்கணக்கில் மனுக்கள் திரட்டி, தெருவில் இறங்கியது. நகரின் காங்கிரஸ் உறுப்பினர் சாக்கா ஃபட்டா முயற்சியால் நாடாளுமன்றக் குழுவே பூங்காவுக்கு அறிவுறுத்தல் தந்தது. 2003இல் மணிக் கட்டடம் திறந்தபோது மேயர் ஜான் ஸ்ட்ரீட் நினைவிடத்துக்கு 15 லட்சம் டாலர் அறிவித்தார். கழிப்பறையும் அந்த ஆண்டு போயிற்று. 2006இல் மாநகராட்சியும் பூங்காவை நடத்தும் தேசியப் பூங்கா சேவையும் ஒரு கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்தக் காகிதத்தின் அருமை அப்போது யாருக்கும் தெரியாது.

குழி

2007 மார்ச்சில் தோண்டத் தொடங்கியபோது யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. 1832இன் கடைகளும் 1951இன் இடிப்பும் கழிப்பறையும் எல்லாவற்றையும் துடைத்திருக்கும் என்பதே கணிப்பு. ஆனால் கீழே மூன்று விஷயங்கள் கிடைத்தன. அதிபர் நின்று வரவேற்ற வளைவின் கல் கடைக்கால், வளைவு மாறாமல். ஹெர்குலிஸின் சமையற்கட்டு நிலவறை. அந்தச் சமையற்கட்டிலிருந்து வீட்டுக்குள் போகும் தரையடிப் பாதையின் சுவர்கள். இந்தப் பாதையைப் பற்றி எந்த ஆவணமும் பேசியதில்லை. வேலையாட்கள் விருந்தினர் கண்ணில் படாமல் தட்டுகளோடு போய்வந்த வழி.

வளைவுக்கும் அந்தப் பாதைக்கும் இடையே சில எட்டுகள்தான். மேலே அதிபர் ஒரு புதுக் குடியரசின் மரியாதை முறைகளை வகுத்துக்கொண்டு நிற்கிறார், தரைக்குக் கீழே அவருக்குச் சொந்தமான மனிதர்கள் நடக்கிறார்கள். எந்த அருங்காட்சியகப் பலகையாலும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியாது.

இந்த அகழாய்வில் பிற இடங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தகரம் அடித்து மறைக்காமல், குழிக்கு மேல் ஒரு மேடை போட்டு மக்களை நிற்கவிட்டார்கள். தொல்லியலாளர்கள் மேடையில் ஏறி வந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். அந்த நான்கு மாதங்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து பார்த்தார்கள். அழுதவர்கள் உண்டு, வாஷிங்டனை இழிவுபடுத்துகிறீர்கள் என்று சண்டை போட்டவர்கள் உண்டு. மண்ணைக் கிளறுவதைக் கண்ணால் பார்த்த கூட்டம் அது. கண்டுபிடிப்பை மூடிவிட்டுப் பழைய திட்டத்தையே கட்டலாம் என்ற பேச்சு அதன் பிறகு எடுபடவில்லை. கடைக்கால்கள் தெரியும்படி நினைவிடத்தின் வடிவத்தையே மாற்றினார்கள்.

கட்டியது என்ன

2010 டிசம்பரில் திறந்த நினைவிடம் கூரையில்லாத ஒரு வீட்டின் கோட்டுருவம். ஆளுயரத்துக்கும் குறைவான செங்கல் சுவர்கள், ஜன்னல் நிலைகள், புகைபோக்கிகள், கணப்புக்கு மேலே ஒன்பது பேரின் கதை சொல்லும் திரைகள், குழிக்கு மேல் கண்ணாடி. கல்லில் அந்த ஒன்பது பெயர்கள். செலவு ஒரு கோடி டாலருக்கு மேல்.

பெயர்களும் கண்ணாடியும் போதும், மற்றது சுமார் ரகம் என்பது என் எண்ணம். வீடு போலவும் இல்லை, கண்காட்சி போலவும் இல்லை. திறந்தவெளியில் மின்திரை வைத்தால் மழையும் பனியும் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. சில சுவர்கள் லாலர் நிறுவிய இடத்தில் இல்லை என்ற குறையும் எழுந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். ஏழாவது தெரு முனையில் ஜெஃபர்சன் பிரகடனத்தை எழுதிய கிராஃப் வீடு 1883இல் இடிக்கப்பட்டு, 1975இல் அச்சு அசலாகத் திருப்பிக் கட்டப்பட்டது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 1975இன் வீடு என்பது உள்ளே போனதும் தெரிந்துவிடும். இன்னும் கொஞ்சம் கிழக்கே பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் வீட்டு மனை. அவர் வாரிசுகள் 1812இல் இடித்த அந்த வீட்டுக்கு, 1976இல் ராபர்ட் வெஞ்சூரியின் நிறுவனம் வெறும் இரும்புச் சட்டத்தால் ஒரு உருவக்கோடு மட்டும் நிறுத்தியது. வீட்டின் தோற்றத்தைப் பற்றிப் போதிய ஆதாரம் இல்லை, இல்லாததைக் கட்ட மாட்டோம் என்ற நேர்மை அதில் இருக்கிறது. தரையில் சில இடங்களில் குனிந்து பார்த்தால் பழைய கடைக்கால் தெரியும். மூன்றில் எனக்குப் பிடித்தது அதுதான். அதிபர் வீட்டை வடிவமைத்தவர்கள் இரண்டு வழிகளுக்கும் நடுவே நின்றுவிட்டார்கள். ஆனால் ஃபிராங்க்ளின் மனைக்காக யாரும் தெருவில் கோஷம் போடவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு நினைவிடத்தில் எல்லாருடைய கோரிக்கைக்கும் இடம் கொடுத்தால் கைக்கு வருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

பலகைகள்

2025 மார்ச்சில் வெள்ளை மாளிகை ஓர் ஆணை பிறப்பித்தது. அமெரிக்காவின் கடந்தகாலத்தை இழிவுபடுத்திக் காட்டும் பலகைகளை மத்திய அரசின் வரலாற்று இடங்களில் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். 2026 ஜனவரியில் பூங்கா ஊழியர்கள் வந்து மார்க்கெட் தெரு நினைவிடத்தில் அடிமைமுறை பற்றிய பலகைகளைக் கழற்றி எடுத்துப் போனார்கள். நாடு தன் 250ஆவது ஆண்டைக் கொண்டாடத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். மாநகராட்சி உடனே வழக்குத் தொடுத்தது. பிப்ரவரியில் மத்திய நீதிபதி சிந்தியா ரூஃப் பலகைகளைத் திருப்பி வைக்க உத்தரவிட்டார், அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

மாநகராட்சியின் வாதத்தில் முன்னால் நின்றது 2006இன் கூட்டு ஒப்பந்தம்: இது இரு தரப்பும் சேர்ந்து உருவாக்கிய இடம், எங்களைக் கேட்காமல் உள்ளடக்கத்தில் கைவைக்க முடியாது. 1951இல் இப்படிக் கேட்க யாரிடமும் ஒரு காகிதம் இருக்கவில்லை. இதே மாதிரி இடங்களில் வேலை செய்பவர்கள் வடிவமைப்புப் போட்டிக்கும் கல் தேர்வுக்கும் மாதக்கணக்கில் மெனக்கெடுகிறார்கள். பலகையில் உள்ள எழுத்து யாருடையது, அதை மாற்ற யார் ஒப்புதல் வேண்டும் என்ற ஷரத்தை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். பிலடெல்பியாவில் 2026இல் நீதிமன்றம் படித்தது அந்தப் பக்கங்களைத்தான்.